ஹாம் ரேடியோவும் ஒரு பழனிசாமியும்

டிரங்க் கால் காலத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, என்னோடு தந்தி இலாகாவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கோவையிலிருந்து கூப்பிட்டார். "தந்தி, டெலக்ஸ், டிரங்க் கால் எல்லாம் எழுதினீங்க. மொட்டை மாடியில கம்பியைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தாரே நம்ம மெக்கானிக், அவரைப் பத்தி ஒரு வரி இல்லையே?" என்றார். குறை நியாயமானதுதான். இந்தப் பதிவு அதற்காக.

1970களின் கடைசி. இத்தாலியிலிருந்து பையர்கள் திருப்பூருக்கு வரத் தொடங்கியிருந்த நேரம். தந்தி ஆபீசில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. நூல் விலை கேட்டுத் தந்தி, சரக்கு கிளம்பியது என்று தந்தி, செக் திரும்பியது என்று தந்தி. ஒரு நாள் மாலை, கையில் கிரீஸ் கறையோடு ஒருவர் கவுண்டருக்கு வந்தார். பனியன் கம்பெனிகளுக்கு நிட்டிங் மெஷின் ரிப்பேர் செய்பவர். தந்தி கொடுக்க வந்தவர் என்று நினைத்து ஃபாரத்தை நீட்டினேன்.

"அதில்லீங்ணா. எனக்குக் கட்டுக் கடா சொல்லித் தருவீங்களா?" என்றார்.

கட்டுக் கடா என்பது மோர்ஸ். சவுண்டர் கருவி போடும் சத்தத்தை வைத்து வந்த பெயர். தந்திக்காரன் அல்லாத ஒருவன் மோர்ஸ் கற்க ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காரணம் கேட்டேன். ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டும், நிமிடத்துக்கு 12 வார்த்தை அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும் என்றார்.

ஹாம் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்கே சரியாகத் தெரியாது. அமெச்சூர் ரேடியோ. சம்பளமில்லாமல், வியாபாரமில்லாமல், சொந்தச் செலவில் சொந்தமாக ஒரு ஒலிபரப்புக் கருவி வைத்து, உலகில் அதே கிறுக்குப் பிடித்த இன்னொருவரோடு பேசுவது. அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்து ஓர் அழைப்புக் குறியும் கொடுக்கும். நம் நாட்டுக்காரர்களுக்கு வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும். அந்தக் காலத்தில் தொழில்முறைத் தந்திக்காரர்கள், கை ஓடாத மட்டமான ஆளைக் கேலியாக "ஹாம்" என்று சொல்வார்களாம். அந்த வசவையே அமெச்சூர்கள் பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், பேசி முடிக்கும்போது இவர்கள் சொல்லும் "73" என்ற வணக்கம் அமெரிக்கத் தந்திக்காரர்களிடமிருந்து போனதுதான். ஆக எங்களுக்கும் அவர்களுக்கும் பழைய பங்காளி உறவு.

ஆறு மாதம் மாலை நேரத்தில் சொல்லிக் கொடுத்தேன். அதிலும் ஒரு சிக்கல். தந்தி ஆபீஸ் சவுண்டரில் நாங்கள் கேட்பது தட்டும் சத்தம். இரண்டு தட்டலுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் எழுத்து. ரேடியோவில் வருவதோ 'டி டா' என்ற ஊதல். முதல் வாரம் எனக்கே காது குழம்பியது. பிறகு அவர் ஒரு சிறு ஊதல் கருவி செய்துகொண்டு வந்தார். நிட்டிங் ஊசியை ஒவ்வொன்றாக மாற்றிப் பழகிய கை அல்லவா, சாவியில் நல்ல தாளம் வந்தது.

பரீட்சை தேறிவிட்டார். ஆனால் டெல்லியில் உள்ள டபிள்யு.பி.சி.யிடமிருந்து லைசென்ஸ் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. நடுவில் போலீஸ் விசாரணை உண்டு. கான்ஸ்டபிள் வந்து தெருவில் விசாரித்துவிட்டுப் போனதும், "மெக்கானிக் ஏதோ ஒற்றர் வேலை பார்க்கிறாராம்" என்று மூன்று மாதம் பேச்சு ஓடியது. அவர் வீட்டம்மா பட்ட பாடு தனிக்கதை.

கருவியா? கடையில் வாங்க முடியாது. மூர் மார்க்கெட்டில் கிடைத்த பழைய ராணுவ ரிசீவர் ஒன்று. 807 என்ற வால்வை வைத்துத் தானே செய்த டிரான்ஸ்மிட்டர். வயரிங் எல்லாம் சட்டத்தில் ஆணியடித்த மாதிரி இருக்கும். தொட்டால் தூக்கிப் போடும். மொட்டை மாடியிலிருந்து பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மரம் வரை 66 அடிக் கம்பி. 40 மீட்டர் அலைக்கு அதில் பாதி நீளம், அதாவது 20 மீட்டர் கம்பி வேண்டும், அதுதான் கணக்கு. பின்னால் டி.வி. வந்த பிறகு ஒரு தொல்லை. இவர் மைக்கில் பேசினால் பக்கத்து வீட்டு டி.வி.யில் கோடு கோடாக ஓடும். அதனால் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் இவர் வாயைத் திறக்க மாட்டார். தெருவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

இந்தப் பைத்தியம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1921-லேயே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து என்பவர் ஹாமாக இருந்தார். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஜூலை 31-ல் ஒலிபரப்பும் ஆரம்பித்துவிட்டார்கள். அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறக்காத காலம். வெறும் 40 வாட் கருவி. பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது. கருவியை மெட்ராஸ் கார்ப்பரேஷனிடம் கொடுத்துவிட்டார்கள், அதை வைத்து 1930-லிருந்து கார்ப்பரேஷன் ஒலிபரப்பியது. நம்மூர் வானொலியின் தாத்தா ஓர் அமெச்சூர் கிளப்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். 1939-ல் யுத்தம் வந்ததும் வெள்ளைக்காரன் எல்லா லைசென்ஸையும் முடக்கினான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கருவிக்கு இறக்குமதி வரி கொல்லும். 1984-ல்தான் அந்த வரியை நீக்கினார்கள். ராஜீவ் காந்தியே ஒரு ஹாம், வி.யு.2.ஆர்.ஜி. அவர் காலத்தில் இந்தப் பொழுதுபோக்குக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. நம் மெக்கானிக்கும் பழைய ஜப்பான் செட் ஒன்றை யாரிடமோ கைமாற்றாக வாங்கினார். அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, இதனால் ஊருக்கு என்ன பிரயோஜனம்? நானும் அதையேதான் அவரிடம் கேட்டேன். டெலிபோன் என்றால் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே கம்பி, கம்பம், எக்ஸ்சேஞ்ச், அதற்குக் கரண்ட், கரண்ட் போனால் ஜெனரேட்டர், அதற்கு டீசல். செல்போனும் அப்படியே, டவரும் அதன் பேட்டரியும் உயிரோடு இருக்க வேண்டும். ஹாமுக்கு நடுவில் யாரும் கிடையாது. இந்தப் பக்கம் ஒரு செட், ஒரு கார் பேட்டரி, ஒரு கம்பி. அந்தப் பக்கமும் அதே. நடுவே வானம்தான். 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும். பகலில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவை நன்றாக மூடும். அதைவிட உயர்ந்த 14 மெகாஹெர்ட்ஸ் கடல் தாண்டிப் போகும்.

இதைக் கொண்டு செய்தி கடத்தலாம் என்று முதலில் அமைப்பாகச் சேர்ந்தவர்கள் அமெரிக்கர்கள். 1914-ல் ஹைரம் பெர்சி மாக்சிம் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே 'ரிலே' என்ற சொல் உண்டு. ஒருவர் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்து, அவர் அதற்கடுத்தவருக்குக் கொடுத்து... தந்தி வேலைதான். அவர்களுடைய செய்தி ஃபாரத்தை ஒரு முறை மெக்கானிக் காட்டினார். செய்தி நம்பர், புறப்பட்ட இடம், நேரம், வார்த்தை எண்ணிக்கை. எங்கள் ஃபாரத்தை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன்.

ஆனால் நம் நாட்டில் சாதாரண நாளில் அடுத்தவர் செய்தியை ஹாம் கொண்டுபோகக் கூடாது. அது சட்டம். தந்தி இலாகாவின் வயிற்றில் அடிக்கிற வேலை அல்லவா! பேரிடர் வந்தால் மட்டும் அந்தக் கட்டு தளரும். 1999 ஒரிசா சூப்பர் புயல், 2001 குஜராத் பூகம்பம் இரண்டிலும் டெலிபோன் செத்துப்போன இடங்களுக்கு ஹாம்கள் செட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் அதையெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். குறுக்கே பேச மாட்டார். "நெட் ஓடும்போது தேவையில்லாதவன் பேசாமல் இருப்பதுதான் பெரிய உதவி" என்பார்.

அவர் முறை 2004 டிசம்பரில் வந்தது.

அந்த மாதத் தொடக்கத்திலேயே அவர் ஏக சந்தோஷத்தில் இருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்ப அரசாங்கம் பதினேழு வருடமாக அனுமதி கொடுக்காமல் இருந்தது. உலகம் முழுக்க ஹாம்கள் அந்தமானோடு ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்று தவம் கிடந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் ஒருவழியாக அனுமதி வாங்கி ஒரு குழுவை போர்ட் பிளேருக்கு அனுப்பியது. தலைமை பாரதி பிரசாத் என்ற பெண்மணி. வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற குறியில் ஒரு ஓட்டலில் தங்கி இரவு பகலாக ஆயிரக்கணக்கானவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நம் மெக்கானிக்கும் ஒரு விடியற்காலை வரிசையில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டார். எனக்குப் போன் போட்டு, "அந்தமான் கிடைச்சிருச்சுங்ணா!" என்று கத்தினார். பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தபோதுகூட அப்படிக் கத்தவில்லை.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.29-க்கு பூகம்பம். பாரதி பிரசாத் அப்போதும் காற்றலையில்தான் இருந்தார். நிலம் நடுங்குகிறது என்று மைக்கில் கத்தியதோடு சத்தம் நின்றுபோனது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திகைத்தார்கள். சென்னைக் கரையில் அலை ஏறியது ஏறக்குறைய ஒன்பது மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம்! வானிலைத் துறையிலிருந்து போன முதல் ஃபேக்ஸ், பதவி போன முன்னாள் அமைச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிறகு பத்திரிகைகளில் வந்தது. விலாசம் தப்பிய தந்தி! தந்தி இலாகாவில் காலம் கழித்த எனக்கு அதைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பாரதி பிரசாத்தும் கூட இருந்தவர்களும் செட்டை வெளியே கொண்டுவந்து, ஏரியலை மறுபடி கட்டி, சில மணி நேரத்தில் திரும்பக் காற்றலையில் வந்துவிட்டார்கள். வேடிக்கைக்காகப் போன குழு அந்த நிமிடத்திலிருந்து தந்தி ஆபீஸ் ஆகிவிட்டது. அந்தமான் நிர்வாகத்தின் அலுவலகத்துக்கே நிலையத்தை மாற்றினார்கள். பிறகு அடி பலமாக விழுந்த கார் நிக்கோபாருக்கும் ஹாம்கள் செட்டோடு போனார்கள்.

மெக்கானிக் எனக்குப் போன் செய்தபோது மணி பதினொன்று இருக்கும். "வாங்கண்ணா, எழுதறதுக்கு ஆள் வேணும்." போனேன். மேலே அந்தச் சின்ன அறை. ஐந்து நாள் அங்கேதான் இருந்தோம் என்று சொல்லலாம். அவர் கேட்பார், நான் எழுதுவேன். இரைச்சலுக்கு நடுவே பெயர், வயது, ஊர், பத்திரமாக இருக்கிறார்; அடுத்த பெயர். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்துச் சொல்வார்கள்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி. எல்லா ஊர் ஹாமும் தன் ஊர்க்காரர்கள் பெயர் வந்தால் குறித்துக்கொண்டு வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, பல்லடம் ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அன்று சாயங்காலமே வந்துவிட்டார். மகன் போர்ட் பிளேரில் அபர்தீன் பஜார் பக்கம் கடையில் வேலை. பெயர் பழனிசாமி. டெலிபோன் கிடைக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றார். மெக்கானிக் பெயரை விசாரணை வரிசையில் கொடுத்தார். ஆயிரம் பேர் கேட்கிற வரிசை அது.

மூன்றாம் நாள் இரவு ஒரு பெயர் வந்தது. பாப்பா, ஆல்ஃபா, லீமா, ஆல்ஃபா, நவம்பர்... பழனிசாமி, தமிழ்நாடு, பத்திரம். மெக்கானிக் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தார். "போய்ச் சொல்லிட்டு வந்தர்றேன்."

நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இனிஷியல் என்ன? ஊர் என்ன? தமிழ்நாடு என்றால் எந்தப் பழனிசாமி? நம் கொங்கு நாட்டில் தெருவுக்கு நாலு பழனிசாமி. நான் வேலையில் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், ஓர் இனிஷியல் தவறியதால் சாவுத் தந்தி வேறு வீட்டுக்குப் போய், அந்த வீட்டில் ஒப்பாரி வைத்துவிட்டார்கள். அந்த ஃபாரத்தை எழுதியது என் கைதான். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவரிடம் சொன்னேன்.

அவருக்குக் கோபம். "நல்ல செய்திதானுங்களே, தப்பா இருந்தாத்தான் என்ன?" என்றார். தப்பாக இருந்தால் அந்த அம்மாவின் மகன் இரண்டு தடவை செத்த மாதிரி ஆகும் என்றேன். பேசாமல் திரும்பி உட்கார்ந்தார். இனிஷியலும் தகப்பனார் பெயரும் கேட்டு மறுபடி விசாரணை கொடுத்தோம். அந்த இரவு முழுக்க அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எதிரில் படியில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் நோட்டில் பெயர் இருக்கிறது.

மறுநாள் பத்து மணிவாக்கில் பதில் வந்தது. கே. பழனிசாமி, அப்பா பெயர் குப்புசாமி, திருப்பூர். எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொல்லி, சரி என்று வாங்கிக்கொண்ட பிறகுதான் படியிறங்கினோம். சொன்னதும் அந்த அம்மா அழவில்லை. "சாப்பிட்டானாமா?" என்று கேட்டார். அதற்கு எங்கள் ஃபாரத்தில் இடமில்லை.

முதல் நாள் இரவு வந்த பழனிசாமி இவர்தானா, வேறொருவரா என்று கடைசிவரை தெரியவில்லை.

அதே நாட்களில் இலங்கையிலும் இதே கதை. விக்டர் குணதிலக்க தலைமையில் இலங்கை ரேடியோ சொசைட்டிக்காரர்கள், நொறுங்கிக் கிடந்த அம்பாந்தோட்டைக்கு செட்டோடு போய், கொழும்பில் பிரதமர் இல்லத்தில் இருந்த நிவாரண மையத்தோடு இணைப்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். கார் பேட்டரியும் கம்பியும்தான் அங்கேயும். அடுத்த மே மாதம் 5-ம் தேதி இஸ்ரோ, ஹாம்களுக்கென்றே 'ஹாம்சாட்' என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றியது. அன்று மெக்கானிக் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். 2005 முடிவில் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் வந்தது.

அவர் 2008-ல் காலமானார். மகனுக்கு இதில் நாட்டமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இரவு பகலாக மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறவன். ஏரியல் கம்பியைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டார்.

2011 நவம்பர் முதல் வாரம் நம் ஊரில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சாயத்தண்ணி ஓடுகிற சாக்கடை என்று நாம் எழுதி வைத்துவிட்ட நொய்யலும், ஓடை என்றே மறந்துபோய் ஒட்டி ஒட்டி வீடு கட்டிய ஜம்மனை ஓடையும் ஒரே ராத்திரியில் பொங்கின. தூக்கத்தில் இருந்தவர்களைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. என் தங்கை குடும்பம் ஓடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தது. எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. செல்போன் ஒன்று மாற்றி ஒன்றாக அணைந்தது. திண்ணையில் உட்கார்ந்து விடியும்வரை இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லடம் ரோட்டு அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் புரிந்தது. தங்கை வீட்டார் பக்கத்து மாடியில் ஏறித் தப்பிவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போய்த்தான் தெரிந்துகொண்டேன். தூரம் மூன்று கிலோமீட்டர். கையடக்க செட் வைத்துக்கொண்டு இரண்டு பேர் இருந்திருந்தால் மூன்று நிமிட வேலை. 1,600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி போர்ட் பிளேரிலிருந்து செய்தி வாங்கிய ஊரில், ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஆளில்லை.

இப்போது நிலைமை அவ்வளவு கஷ்டமில்லை. 12 வயது நிறைந்தால் பரீட்சை எழுதலாம். கீழ்நிலை லைசென்ஸுக்கு மோர்ஸே தேவையில்லை. கருவியும் மலிவு. ஹைதராபாத்காரர் அஷ்ஹர் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்று ஒரு செட் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார். அதில் காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரைப் பயன்படுத்தியிருந்தார். மெக்கானிக் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் பத்து செய்திருப்பார். மாவட்டத்துக்கு 1077 என்று கட்டுப்பாட்டு அறை எண் இருக்கிறது, நல்லதுதான். அதைக் கூப்பிடவும் போன் வேலை செய்ய வேண்டுமே. நம் பனியன் கம்பெனி விடுதிகளில் ஒரிசா, பீகார் பிள்ளைகள் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள்! அவர்கள் ஊரில் புயல் அடித்தால் இங்கே எந்தப் படியில் போய் உட்காருவார்கள்?

மெக்கானிக்கின் மோர்ஸ் சாவியும் லாக் புத்தகமும் அவர் மகன் கொடுத்து என்னிடம் இருக்கின்றன. அந்தமான்காரர்கள் பிறகு அனுப்பிவைத்த அட்டையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பேரன் பேத்திகளில் யாராவது பரீட்சை எழுத விரும்பினால் சொல்லுங்கள். மேல்நிலை லைசென்ஸுக்கு இன்னும் மோர்ஸ் கேட்கிறார்கள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், கை சரியாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.